அரைவேக்காட்டுக் கரி

ஜூன் 3

மிளகாய்ச் செடி போய்விட்டது. அதுதான் கடைசி. நட்டபோது என்ன உயரமோ, போகும்போதும் அதே உயரம். பிடுங்கினால் வேர் என்று நாலு நூல் வந்தது. குழியில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம்வரை அப்படியே நிற்கிறது. இது மண்ணே இல்லை, தரை.

இந்த மனையை வாங்கும்போது ரோட்டைப் பார்த்தேன், கரண்ட் கம்பத்தைப் பார்த்தேன், பத்திரத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். மண்ணை எவன் பார்த்தான்? முன்னால் இங்கே செங்கல் சூளை இருந்ததாம். மேல்மண்ணை எல்லாம் வழித்துச் செங்கல் அறுத்துவிட்டு, மிச்சமிருந்ததை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். இதைக்கூடப் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் நாங்கள் குடிவந்து பால் காய்ச்சிய பிறகுதான் சொன்னார். அதுவரை வாயில் என்ன வைத்திருந்தாரோ!

சூப்பர்வைசர் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சூப்பர்வைசர் என்றால் என் மனைவி. தொழிற்சாலையில் எனக்கு மேலே இருந்த சூப்பர்வைசர்கள் எல்லாரும் ரிட்டயர் ஆகிவிட்டார்கள், இவள் மட்டும் இன்னும் ஆகவில்லை.

"அதுவும் போச்சா?" என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் பரவாயில்லை.

ஜூன் 4

மகள் போன் பண்ணினாள். நான் எடுத்தால் "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்கிறாள். அவர்கள் பேசி முடிக்கிறவரைக்கும் நான் தொட்டிக்கும் குழாய்க்கும் நடந்துகொண்டிருந்தேன். காது மட்டும் கூடத்தில்.

விஷயம் இதுதான். வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் அவளோடு வந்துவிட வேண்டுமாம். பதினோராவது மாடி. பேத்தியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், எங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும், ஒரே செலவில் முடிந்துவிடும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டிருப்பார். நல்ல மனிதர்தான், கணக்கும் சரிதான். எனக்குத்தான் ஒப்பவில்லை.

சாப்பிடும்போது கேட்டேன், நீ என்ன சொன்னே என்று.

"டிசம்பர் வரைக்கும் டைம் கேட்டிருக்கேன். அதுக்குள்ள இந்த மண்ணுல ஏதாவது ஒண்ணு காய்ச்சு, அதை நான் என் கையால பறிச்சு, சமைச்சுட்டேன்னா இருக்கேன். இல்லேன்னா கையெழுத்துப் போட்டுட்டு அவகிட்டப் போயிடறேன். ஒரு மிளகாச் செடி நிக்காத வீட்ல நான் மட்டும் எதுக்கு நிக்கணும்?"

வீடு அவள் பேரில். சொன்னால் செய்வாள்.

அவளைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து கம்பெனி குவார்ட்டர்ஸ். பெயின்ட் டப்பாவில் செடி வளர்ப்பாள். என்னை வேறு யூனிட்டுக்குத் தூக்கி அடிப்பார்கள். டப்பாவை எல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு லாரியில் ஏறுவாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. "சொந்தமா மண்ணு வரட்டும்" என்பாள். வந்த மண் இது.

ஜூன் 8

வேளாண் ஆபீசில் செய்முறை விளக்கம் என்று போர்டு போட்டிருந்தார்கள். டீ உண்டு என்றும் போட்டிருந்தார்கள். போனேன்.

ஒரு அதிகாரி அம்மா, என் மகளைவிடச் சின்னவள். கூம்பு மாதிரி ஒரு குழி வெட்டி, அடியில் சுள்ளியைக் கொளுத்தி, மேலே மக்காச்சோளக் கட்டைகளைப் பரப்பினாள். அது எரிந்து மேலே வெள்ளை பூத்ததும் இன்னொரு அடுக்கு, அதுவும் வெள்ளை பூத்ததும் அதன்மேல் இன்னொன்று. குழி நிறைந்ததும் ஜிகுஜிகுவென்று எரிகிற தீயில் தண்ணீரைக் கொட்டி அணைத்துவிட்டாள். அடி பாவி, பாதிகூட எரியலையே!

அணைத்த பிறகு கிடைப்பது கரி. அதற்குப் பெயர் உயிர்க்கரியாம். கரிக்கு ஏது உயிர்? அதைச் செத்த மண்ணில் கலந்தால் மண் இளகுமாம், தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்குமாம், சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம்.

"ஒரே விதிதான். தீயைக் கிளறாதீங்க. கிளறினா உள்ள காத்துப் போயி எல்லாம் சாம்பலாயிடும்" என்றாள். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள். டீ வந்துவிட்டது.

பாய்லரில் வேலை பார்த்தவனிடம் தீயைப் பற்றி! நமுட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டே வந்தேன். வரும் வழியில் மில்லில் சும்மா குவித்து வைத்திருந்த சோளக்கட்டையைக் கேட்டேன். எடுத்துத் தொலையுங்கள் என்றார்கள்.

ஜூன் 10

முதல் குழி. எல்லாம் சாம்பல்.

ஜூன் 13

இரண்டாவது குழி. எல்லாம் சாம்பல். வெள்ளை வெளேரென்று, நைசாக, அருமையான சாம்பல். வேலையில் இருந்தபோது இப்படி ஒரு சாம்பல் எடுத்திருந்தால் என் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருப்பார்கள்.

நான் என்ன செய்வேன்? கை நிற்கமாட்டேன் என்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. சாம்பலில் ஒரு கறுப்புத் துண்டு தெரிந்தால் மெமோ. அரைகுறையாக எரிந்த கரி என்றால் எரிபொருள் வீண், ஆள் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். அதற்காகவே உள்ளே கம்பியை விட்டுக் கிளறிக் கிளறிக் காற்றுக் கொடுப்போம். குழி ஓரத்தில் உட்கார்கிறேன், ஒரு மூலையில் தீ மந்தமாகிறது, எனக்குக் கை அரிக்கிறது, கம்பி தானாக உள்ளே போய்விடுகிறது. தப்பென்று தெரிந்தே செய்கிறேன்.

கம்பவுண்டர் காம்பவுண்டுச் சுவர்மேல் தாடையை வைத்துக்கொண்டு, "என்ன பாய்லர், ரிட்டயர் ஆனப்புறமும் ஓவர்டைமா?" என்றார். மனிதருக்கு வேறு பிழைப்பே இல்லை.

ஜூன் 14

சூப்பர்வைசர் சாம்பலை அள்ளிப் பாத்திரம் தேய்க்கிறாள். நன்றாகப் பளபளக்கிறதாம். குத்தலா, நிஜமாகச் சொல்கிறாளா, தெரியவில்லை.

ஜூன் 20

இன்று வீட்டில் போர்.

மூன்றாவது குழி. இந்த முறை கட்டை கொஞ்சம் ஈரம், புகை கிளம்பிவிட்டது. காற்று வேறு கொடிப் பக்கம் திரும்பியது. கொடியில் அவள் அப்போதுதான் உலர்த்திய போர்வை, தலையணை உறை எல்லாம். எனக்கு அது எங்கே தெரிந்தது? கம்பியைக் கையில் எடுத்து, கிளறலாமா வேண்டாமா என்று எனக்கும் என் கைக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல். "மனுஷனா நீங்க?"

திரும்புவதற்குள் துணி அலசிய வாளித் தண்ணீர் முழுசும் குழிக்குள். அது போதாதென்று உள்ளே போய் இன்னொரு வாளி. அப்புறம் இன்னொன்று. ஸ்ஸ்ஸென்று ஆவி கிளம்பி என் கண்ணாடி மூடிக்கொண்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஆள் இல்லை, கதவு சாத்தியிருக்கிறது.

போயும் போயும் நல்லா எரியற தீயில! சோப்புத் தண்ணிய! வாய்க்கு வந்ததைத் திட்டினேன், கதவைப் பார்த்து, மெதுவாக.

ஜூன் 21

குழியைச் சுத்தம் செய்யலாம் என்று மண்வெட்டியைப் போட்டேன். கலகலவென்று சத்தம், கண்ணாடி வளையல் கொட்டினாற்போல.

கரி. குழி நிறையக் கரி. ஒவ்வொரு சோளக்கட்டையும் உருக்குலையாமல், பல் வரிசை தெரிகிறபடி, கறுகறுவென்று. விரலால் நசுக்கினால் நொறுங்குகிறது, கையில் எண்ணெய்ப்பசை ஒட்டவில்லை. அதிகாரி அம்மா காட்டிய அதே கரி.

சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? நீ கோபத்தில் செய்ததுதான் சரி, நான் அனுபவத்தில் செய்தது தப்பு என்றா? வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டுவாளே.

சொல்லவில்லை.

ஜூன் 22

கம்பவுண்டர் சொல்லிவிட்டார். அந்த ஆளுக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ!

"ஓ, நான் ஊத்தினதாலதானா?" என்றாள். சாயங்காலம்வரை ஏதோ முனகிப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 29

கரியை மிதித்து நொறுக்கினேன். பின்பக்கத் தரையைக் கடப்பாறை போட்டுப் புரட்டி, கரியைக் கொட்டிக் கலந்து, பாத்தி கட்டிப் பூசணி விதை ஊன்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. கறுப்புக் காலோடு கூடத்துக்குள் போய் அதற்குத் தனியாக வாங்கிக்கட்டிக்கொண்டேன். குளித்தால் தண்ணீர் மூன்றாவது வாளியில்தான் வெளுத்தது.

ஜூலை 6

முளைத்துவிட்டது! ஒவ்வொரு குழியிலும் இரண்டு இலை, காது மாதிரி. சூப்பர்வைசர் ஜன்னலில் வெகு நேரம் நின்றாள். நான் பார்ப்பது தெரிந்ததும் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள். அடுப்பில் குழம்பே இல்லை.

ஜூலை 19

மஞ்சள்.

போன வாரமே இலை வெளிறியது. வெயில் என்று எனக்கு நானே பூசி மெழுகிக்கொண்டேன். இன்று எல்லா இலையும் மஞ்சள். கரி போடாத மூலையில் தவறி விழுந்த ஒரு விதை முளைத்திருக்கிறது, அதுகூட இதைவிடப் பச்சை. செத்த மண்ணே தேவலை என்று ஆக்கிவிட்டேன். என்ன ஜென்மம் நான்?

அவள் வந்து பார்த்தாள். நேராகப் போய் ஜன்னலைச் சாத்தினாள்.

ஜூலை 23

பேத்திக்கு ஜுரம் என்று மகள் கூப்பிட்டாளாம். சூப்பர்வைசர் கிளம்பிவிட்டாள். ஜுரம் நிஜம்தான், நானும் போனில் கேட்டேன், குழந்தை இருமுகிறது. ஆனால் பையில் தலையணையைத் திணித்ததைப் பார்த்தேன். அவளுடைய தலையணை. அது இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. இரண்டு நாளுக்குப் போகிறவள் தலையணை எடுத்துக்கொண்டு போவாளா?

பஸ் ஸ்டாப்பில், "எப்ப வருவே?" என்றேன்.

"பாக்கலாம்" என்றாள். "கேஸை மூடிட்டுப் படுங்க."

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு எந்தச் சொல்லும் போட்டு எழுதத் தெரியவில்லை.

ஜூலை 25

வெட்கத்தை விட்டு வேளாண் ஆபீஸ் போனேன். மஞ்சள் இலை ஒன்றை மேஜைமேல் வைத்தேன். சண்டை போடுகிற மாதிரிதான் வைத்தேன்.

அதிகாரி அம்மா இலையைப் பார்த்துவிட்டு, "கரியை ஊற வச்சீங்களா?" என்றாள்.

"எதுல ஊற வைக்கணும்?"

"அன்னிக்குச் சொன்னேனே சார்."

டீ வந்த நேரம். சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

புதுக்கரிக்குப் பசியாம். அகோரப் பசி. மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்சச் சத்தையும் முதலில் அது உறிஞ்சிக்கொள்ளும், செடிக்கு மிஞ்சாது. அதனால் மண்ணில் போடுவதற்கு முன்பே அதன் வயிற்றை நிரப்பிவிட வேண்டும். சாணக் கரைசலிலோ மக்கிய குப்பைச் சாற்றிலோ இரண்டு மூன்று வாரம் ஊற வைக்க வேண்டும்.

"எங்க வீட்ல மாடு இல்லையே மேடம். குப்பை மக்க மாசக்கணக்கு ஆகுமே."

"அப்படின்னா இன்னொண்ணு இருக்கு. அதுக்கு மாடு வேண்டாம்." கொஞ்சம் தயங்கினாள். பேனாவை உருட்டினாள். "சார் தினமும் உற்பத்தி பண்றதுதான். பத்துப் பங்கு தண்ணி கலந்துக்கணும்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

ஜூலை 27

முந்தாநாளே உற்பத்தி ஆரம்பித்துவிட்டது.

வெளியே இருக்கும் பழைய கழிவறையை யாரும் உபயோகிப்பதில்லை. அங்கே மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம், மேலே புனல். கைப்பழக்கம் விடுமா? தினமும் சாயங்காலம் டிரம்மில் எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுகிறேன். பாய்லரில் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் பார்ப்பதுதான் என் உயிர்மூச்சாக இருந்தது. மட்டம் இறங்கினால் பாய்லர் வெடிக்கும், ஏறினால் டர்பைன் போகும். கண்ணெடுக்கக் கூடாது. இங்கே வெடிக்காது, நாறத்தான் செய்யும்.

உற்பத்தி மந்தம். தண்ணீர் குடித்துக் குடித்து வயிறு உப்பிவிட்டது. கம்பவுண்டரிடம் சுவரோரமாகப் பேச்சுக் கொடுத்தேன், பொதுநலம், மண்வளம் என்றெல்லாம் சுற்றி வளைத்து. விஷயம் புரிந்ததும் மனிதர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்றுவிட்டது.

"எனக்குச் சர்க்கரை வியாதி பாய்லர். உன் பூசணி அல்வாவா காய்க்கும், பரவாயில்லையா?" என்றார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா. ஆளை விடு" என்று உள்ளே போய்விட்டார்.

தனி ஆள் உற்பத்திதான்.

ஆகஸ்ட் 4

போனில் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். பேத்திக்கு ஜுரம் விட்டுவிட்டது. அதனால் நல்ல மனநிலையில் இருப்பாள் என்று நினைத்தேன். தப்புக் கணக்கு.

"கருமம்! கருமம்! மாப்பிள்ளை வந்து போற வீடு அது!"

"மாப்பிள்ளையும் வந்தா குடுத்துட்டுப் போகலாம். ஆள் கூடினா சீக்கிரம் ரொம்பும். நீ இருந்தாக்கூட—"

"என்னையுமா கேக்கறீங்க? என் உயிரே போனாலும் நடக்காது. வெச்சிடறேன்."

வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த மகளிடம் கொடுத்துவிட்டாள். "அப்பா, நீங்க அங்க தனியா இருக்கறது எனக்குச் சரியாப் படலை" என்றாள் மகள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. நினைக்கட்டும்.

ஆகஸ்ட் 11

நாலாவது குழி. இந்தத் தடவை வாளி தூக்கிவர ஆள் இல்லை.

காலையிலேயே கிளறுகம்பியைக் கொண்டுபோய்க் கம்பவுண்டரிடம் ஒப்படைத்தேன். சாயங்காலம்வரை நான் கேட்டாலும், கெஞ்சினாலும், கெட்ட வார்த்தை சொன்னாலும் தரக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அப்புறம் குழியோரம் ஸ்டூல் போட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு அடுக்கு. வெள்ளை பூத்தது. இன்னொரு அடுக்கு. வடக்குப் பக்கம் தீ மந்தமாயிற்று. எழுந்தேன், உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து சுவர்ப் பக்கம் போனேன்.

"கம்பவுண்டரே, ஒரே ஒரு தடவை."

"மாட்டேன்."

"ஓரமா லேசாத்தான்யா!"

"போய் உக்காரு."

உட்கார்ந்தேன். வடக்குப் பக்கம் தானே எரிந்தது. அது அது நேரத்துக்கு எரிகிறது, நான்தான் இத்தனை வருஷமாகப் பொறுமை இல்லாமல் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

குழி நிறைந்ததும் வாளியைத் தூக்கினேன். என் கையால் ஒரு நல்ல தீயை நான் அணைத்ததே இல்லை. ஊற்ற மனசு வரவில்லை, நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் அவள் ஊற்றின மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். "மனுஷனா நீங்க" என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். வேலை செய்கிறது. கலகல கரி.

ஆகஸ்ட் 13

கரி ஊறுகிறது. நாற்றம் சொல்லி மாளாது. மூடியின்மேல் ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன்.

செப்டம்பர் 1

ஊறின கரியை அள்ளிப் புதுப் பாத்தியில் கலந்தேன். ஆச்சரியம், மண்ணில் சேர்ந்ததும் அந்த நாற்றம் போன இடம் தெரியவில்லை. பழைய மஞ்சள் பாத்தியையும் கொத்தி அதிலும் கொஞ்சம் கலந்தேன். காய்கறித் தோல், வாடிய கீரை, உதிர்ந்த சருகு எல்லாவற்றையும் மேலே போர்த்தினேன். புதுசாக விதை ஊன்றினேன். காலியான டிரம்மைக் கழுவிப் பழைய இடத்திலேயே வைத்தாயிற்று, அடுத்த ஈட்டுக்கு.

செப்டம்பர் 15

இலை பச்சை. எழுதவே பயமாக இருக்கிறது, கண் பட்டுவிடும், என் கண்ணேதான்.

இன்று புரோக்கர் வந்தான். மகள் அனுப்பினாளாம், சும்மா அளந்துவிட்டுப் போகிறானாம். டேப்பை இழுத்துக்கொண்டு பாத்தி மேலேயே நடந்தான். "பாத்து" என்றேன். "எப்படியும் இதெல்லாம் எடுத்துடப் போறதுதானே சார்" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பழைய கழிவறையை எட்டிப் பார்த்து, "டிரம்முல என்ன சார்?" என்றான்.

"உரம். சொந்தத் தயாரிப்பு."

"ஆர்கானிக்கா? எங்க மாமனாரும் கேட்டுட்டே இருப்பாரு" என்று மூடியைத் திறந்து, குனிந்து, ஆழமாக மூச்சை இழுத்தான். தடுத்திருக்கலாம். எனக்கு என்னவோ அந்த நேரம் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது.

டேப்பை விட்டுவிட்டே ஓடிவிட்டான்.

செப்டம்பர் 22

மகள் வீட்டுக்குப் போனேன். லிஃப்டில் ஏறினால் காது அடைக்கிறது. சூப்பர்வைசர் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள், இன்டர்வியூவுக்கு வந்தவள்போல. என்னைப் பார்த்ததும், "மெலிஞ்சிட்டீங்க" என்றாள். அவள்தான் மெலிந்திருந்தாள்.

பால்கனியில் ஒரு பெயின்ட் டப்பா. அதில் ஒரு மிளகாய்ச் செடி. மறுபடியும் டப்பா!

பையில் மாத்திரை பாட்டிலில் கொஞ்சம் மண் கொண்டுபோயிருந்தேன். அவள் உள்ளங்கையில் கொட்டினேன். எங்கள் மண் என்று நம்பவில்லை. கறுப்பாக, பொலபொலவென்று இருக்கிறதே. நசுக்கினாள், முகர்ந்தாள். அப்போது மண்ணுக்குள்ளிருந்து ஒரு மண்புழு தலையை நீட்டியது. சத்தியமாக நான் போடவில்லை, அதுவாக ஏறி வந்திருக்கிறது. நெளிந்து சாப்பாட்டு மேஜையில் விழுந்தது. மாப்பிள்ளை நாற்காலிமேல் ஏறிவிட்டார். பேத்தி கை தட்டினாள். மகள், "அப்பா! இது சாப்பிடற டேபிள்!" என்று கத்தினாள்.

சூப்பர்வைசர் மட்டும் சத்தமே போடவில்லை. புழுவை விரலில் எடுத்தாள்.

"புழு வந்திருக்கா?" என்றாள். "நம்ம மண்ணுலயா?"

"ம்."

அதைக் கொண்டுபோய்ப் பெயின்ட் டப்பாவில் விட்டு, மேலே மண்ணைத் தள்ளி மூடினாள். வெகு நேரம் பால்கனியிலேயே நின்றாள். எப்போது வருவாள் என்று கிளம்பும்போது நான் கேட்கவில்லை. கிளறக் கூடாது என்று இப்போதுதானே கற்றுக்கொண்டேன்.

அக்டோபர் 6

"துணி எடுக்க வந்தேன்" என்று வாசலில் நிற்கிறாள். கையில் சின்னப் பை. பையைத்தான் முதலில் பார்த்தேன். தலையணை இல்லை.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து கொடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் ஆரம்பித்தாள். இவ்வளவு நெருக்கமாகவா விதை ஊன்றுவார்கள், கண் எங்கே போயிற்று, கொடி எப்படிப் படரும், தண்ணீரைத் தண்டிலா ஊற்றுவது. பேசிக்கொண்டே நாலு செடியைப் பிடுங்கி எறிந்தாள். என் செடி! பெற்ற பிள்ளை மாதிரி! வாயைத் திறக்கவில்லை நான். அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கி எத்தனை காலம் ஆயிற்று.

"ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன். இதெல்லாம் ஒழுங்கு பண்ணணும்" என்றாள்.

அக்டோபர் 10

ரெண்டு நாள் முடிந்துவிட்டது. நான் ஞாபகப்படுத்தவில்லை.

என் தலையணையை எடுத்துக்கொண்டுவிட்டாள். நான் துண்டைச் சுருட்டி வைத்துப் படுக்கிறேன். கழுத்து வலி. ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அக்டோபர் 14

பிஞ்சு விட்டிருக்கிறது. எலுமிச்சை அளவு. அவள்தான் முதலில் பார்த்தாள். என்னைக் கூப்பிடாமல், கம்பவுண்டர் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தால் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "டிசம்பருக்குள்ள காயாயிடும், இல்ல?" என்றேன்.

"பிஞ்சு உதிராம இருந்தாத்தானே. இன்னும் காய்க்கலை, பறிக்கலை, சமைக்கலை" என்றாள். கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறாள்.

அதிகாரி அம்மாவிடம் போன் போட்டுக் கேட்டேன். காய் பிடிக்கிற நேரத்தில் பசி ஜாஸ்தியாம், தண்ணீரில் கலந்து இன்னொரு சுற்று வேரோரம் விட வேண்டுமாம். டிரம்மில் பாதிகூட இல்லை. சாப்பிடும்போது வாய்விட்டே புலம்பிவிட்டேன். "ஒரு ஆளால எவ்வளவுதான் முடியும்?"

"சோத்துல கை வெச்சுக்கிட்டு என்ன பேச்சு இது? ச்சீ" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அக்டோபர் 15

மகள் போன். "அம்மா எப்பப்பா வர்றாங்க?" என்றாள். அம்மாவையே கேளு என்று கொடுத்தேன். அவள் பூசணிப் பிஞ்சைப் பற்றியே பேசினாள். எப்போது வருகிறேன் என்று சொன்ன மாதிரி என் காதில் விழவில்லை. என் காது கொஞ்சம் மந்தம்தான்.

அக்டோபர் 17

காலையில் வழக்கம்போல வெளிக்கழிவறைக்குப் போனேன். நேற்றுச் சாயங்காலம் போட்ட சாக்பீஸ் கோடு அப்படியே இருக்கிறது. மட்டம் கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது. நல்ல ஏற்றம்.

நேற்றுச் சாயங்காலத்துக்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மூடி சரியாக மூடியிருக்கிறது. நான் ஒரு கல்தான் வைப்பேன், இரண்டு கல் இருக்கிறது. புனலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. நான் புனலை ஒரு நாளும் கழுவியதில்லை.

பம்ப் ஓடாமல் மட்டம் ஏறினால் உடனே மணியடித்து எல்லாரையும் கூப்பிட வேண்டும் என்பது பாய்லர் விதி.

சமையலறைக்குப் போனேன். அவள் திரும்பாமலே டீயை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருந்தாள். நன்றாக இருக்கிறது என்றேன்.